சர்க்கரை, பிபி மாத்திரையோடு மூட்டுவலிக்கு ஆயுர்வேத மருந்தும் சாப்பிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான், கூடவே ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார். ஒரு வருடமாக முழங்கால் வலி. மலச்சிக்கலும் தூக்கக் குறைவும் உண்டு. ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் மகாராஸ்னாதி கஷாயம், யோகராஜ குக்குலு, இரவில் அஸ்வகந்தா சூரணம், பூசுவதற்கு ஒரு தைலம் கொடுத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் "இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு முழுசா இதுக்கே மாறிடுங்க" என்கிறார்கள். குடும்ப டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று அம்மா பயப்படுகிறார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்:

சாப்பிடலாம். ஆனால் இரண்டு பக்கத்து மருத்துவருக்கும் முழுப் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும். நான் கோவையில் பொது மருத்துவம் பார்ப்பவன். இந்த ஊரில் ஆயுர்வேத வைத்தியசாலைப் பக்கம் போகாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது. இரண்டு வைத்தியத்தையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வந்த சிக்கல்களில் நான் கண்ட வரை பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன: இவர் கொடுப்பது அவருக்குத் தெரியாது, அவர் கொடுப்பது இவருக்குத் தெரியாது. அம்மா டாக்டரிடம் மறைக்கப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதுதான்.

முதலில் சொந்தக்காரர்கள் சொல்வதைப் பார்த்துவிடுவோம். ஆயுர்வேதத்துக்கு மாறிச் சர்க்கரை மாத்திரையை விட்டவர்களை அவர்கள் நேரில் பார்த்திருக்கலாம். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். வைத்தியசாலையில் மூன்று நான்கு வாரம் தங்கி, கஞ்சியும் பயறும் காய்கறியும் அளவாகச் சாப்பிட்டு, சில கிலோ எடை குறைந்து வீடு திரும்பினால் யாருக்குமே சர்க்கரை இறங்கத்தான் செய்யும். பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' என்ற ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. குறைந்த கலோரி உணவு மூலம் எடையைக் குறைக்கவைத்த குழுவில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடக் கடைசியில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தது. அதில் கஷாயம் எதுவும் கிடையாது, வேலை செய்தது எடை குறைப்புதான். அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லாருமே நோய் கண்டுபிடித்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள். உங்கள் அம்மாவுக்குப் பத்து வருடம் ஆகிவிட்டது. அவருக்கும் பத்தியத்தால் சர்க்கரை குறையும், மாத்திரையின் அளவும் குறையலாம். எவ்வளவு குறைப்பது, எதை முதலில் குறைப்பது என்பதைச் சர்க்கரை அளவைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் கிளிமெபிரைடுதான் முதலில் குறையும். சொந்தக்காரர்கள் சொன்னார்கள் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துவது கூடாது. ரத்த அழுத்த மாத்திரைகளிலும் மெட்டோபிரலால், குளோனிடின் போன்ற சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பிருந்ததைவிட மேலே எகிறும்.

சரி, முழங்கால் வலிக்கு வருவோம். இந்த விஷயத்தில் ஆயுர்வேதத்தை நான் மனதார வரவேற்கிறேன், காரணமும் சொல்கிறேன்.

வலி வந்தால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு நாள், ஒரு வாரம், அப்புறம் அதுவே வழக்கமாகிவிடுகிறது. பத்து வருடச் சர்க்கரையில் சிறுநீரகம் ஏற்கனவே சுமையோடு இருக்கும். கூடவே டெல்மிசார்டான் இருக்கிறது. அது நல்ல மருந்து, சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பும் கூட. ஆனால் அதோடு இந்த வலி மாத்திரைகள் சேர்ந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் இருக்கும் ரத்த அழுத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் குறைகிறது. நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்துவிட்டால், வாந்திபேதி வந்த ஒரு வாரத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) மளமளவென ஏறிவிடும். ஆஸ்பிரினும் இருப்பதால் வயிற்றுப் புண், ரத்தக் கசிவு என்று இன்னொரு பயம். ஆகவே பூசும் தைலமும் ஒத்தடமும் தொடைத் தசைப் பயிற்சியும் சேர்ந்து அம்மாவை அந்த வலி மாத்திரையிலிருந்து விலக்கி வைத்தால், அதுவே அவர் சிறுநீரகத்துக்குப் பெரிய லாபம்.

ஆய்வுகளும் ஓரளவு துணை நிற்கின்றன. புனேயைச் சேர்ந்த மூட்டு நோய் மருத்துவர் அரவிந்த் சோப்ரா குழுவினர் முழங்கால் தேய்மானம் உள்ள 440 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. சுக்கு, சீந்தில் முதலானவை சேர்ந்த இரண்டு ஆயுர்வேத மருந்துகளை ஒரு பக்கமும், செலிகாக்சிப் என்ற வலி மாத்திரை, குளுக்கோசமைன் இரண்டையும் இன்னொரு பக்கமும் வைத்து, யாருக்கு எது போகிறது என்று மருத்துவருக்கும் தெரியாமல் 24 வாரம் கொடுத்தார்கள். வலி குறைவதில் நான்கு குழுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் அதே ஆய்வில், ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட சிலருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி ஏறியிருந்தது. ரத்தப் பரிசோதனை செய்ததால்தான் அது தெரியவந்தது. பலன் உண்டு, கண்காணிப்பும் தேவை என்று இந்த ஒரே ஆய்வு இரண்டையும் சொல்லிவிடுகிறது.

பெர்லினில் 151 பேரிடம் நடந்து 2018-இல் வந்த ஆய்வும் உண்டு. எண்ணெய் சிகிச்சை, உணவு மாற்றம், மூலிகை, யோகப் பயிற்சி என எல்லாம் சேர்ந்த ஆயுர்வேத முறை, 12 வாரத்தில் வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் தந்தது. யார் எந்தச் சிகிச்சை பெறுகிறார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால், கூடுதல் கவனிப்பின் பங்கு அதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் கோவையிலும் 2011-இல் வெளிவந்த ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. முடக்குவாதம் உள்ள 43 பேருக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற ஆங்கில மருந்து மட்டும், ஆயுர்வேதம் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று குழுவிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுபோல. எண்ணிக்கை சிறியது, அதனால் அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆயுர்வேத மருந்தையும் முறையாகச் சோதிக்க முடியும் என்று காட்டியதற்காக அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு இருப்பது முடக்குவாதமா, தேய்மானமா என்பது முதலில் தெளிவாக வேண்டும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, கைவிரல் மூட்டுகளில் வீக்கம் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். தைலம் பூசிக்கொண்டு காலம் கடத்தினால் மூட்டு கெட்டுவிடும்.

இனி அம்மாவுக்குக் கொடுத்த மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தைலத்தில் பெரிய பயம் இல்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பத்து வருடச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். கிழி ஒத்தடமோ சூடான எண்ணெயோ வைக்கும்போது "சுடுதா?" என்று கேட்டால் "இல்லையே, இதமா இருக்கு" என்பார்கள். மறுநாள் பார்த்தால் கொப்புளம். சர்க்கரைக்காரரின் காலில் கொப்புளம் என்றால் எங்கே கொண்டு போய் விடும் என்று உங்களுக்குத் தெரியும். சூட்டை நீங்கள் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள், அம்மாவின் உணர்வை நம்பாதீர்கள். எண்ணெய்க் காலோடு குளியலறைக்குப் போகவிடாமல் துடைத்துவிட்டு அனுப்புங்கள்.

யோகராஜ குக்குலு பொதுவாக மூலிகை மட்டும் சேர்ந்தது. மகாயோகராஜ குக்குலு வேறு. அதில் வங்கம், நாகம், லோகம், பாதரசம் சேர்ந்த ரசசிந்தூரம் என உலோகப் பஸ்மங்கள் சேரும். ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் ஈயம். பெயரில் ஒரு 'மகா'தான் கூடுதல், ஆனால் சிறுநீரகம் பலவீனமானவருக்கு அந்த வித்தியாசம் மிகப் பெரியது. டப்பாவில் எந்தப் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். குக்குலுவில் இன்னொரு விஷயம், டில்டியாசெம், புரோபிரனலால் என்ற இரண்டு இதய மருந்துகளின் அளவை ரத்தத்தில் அது குறைப்பதாக 1990-களிலேயே கண்டிருக்கிறார்கள். அம்மாவின் பட்டியலில் இந்த இரண்டும் இல்லை. ஆனால் நாளைக்கு இதய டாக்டர் ஒருவர் எழுதலாம், அப்போது குக்குலு சாப்பிடுவது அவருக்குத் தெரிய வேண்டும். குக்குலு கொழுப்பையும் குறைக்கும் என்று யாராவது சொன்னால் அதற்காகச் சாப்பிட வேண்டாம். அமெரிக்காவில் 2003-இல் வந்த ஆய்வில் கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்று ஏறியது. ஆஸ்பிரினோடு சேரும்போது பல் துலக்கினால் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் தழும்பு, கறுப்பாக மலம் என்று ஏதாவது தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

கஷாயத்தை வழக்கமாக 15 மில்லி எடுத்து மூன்று நான்கு பங்கு வெந்நீர் கலந்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்வார்கள். கிளிமெபிரைடும் காலை உணவுக்கு முன்னால்தான். கஷாயம் குடித்த பிறகு அம்மாவுக்குக் குமட்டி, "இன்னைக்கு டிபன் வேண்டாம்" என்று விட்டால், மாத்திரை உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை. பதினோரு மணிக்குள் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரலாம். மெட்ஃபார்மின் தனியாக இருக்கும்போது இந்த ஆபத்து அரிது, கிளிமெபிரைடால்தான் வருகிறது. கஷாயத்தோடு "சர்க்கரைக்கும் சேர்த்து ஒரு சூரணம் தரேன்" என்று வைத்தியர் சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்காய் என்று எதையாவது சேர்த்தால் இந்தத் தாழ்சர்க்கரை இன்னும் எளிதில் வரும். அவை வேலை செய்யாத பொருட்கள் என்று நான் நினைக்கவில்லை. அவை வேலை செய்வதால்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். புதிதாக எது சேர்த்தாலும் முதல் இரண்டு வாரம் வீட்டுக் குளுக்கோமீட்டரில் காலை வெறும் வயிற்றிலும், மதியத்துக்கு முன்னாலும், இரவு படுக்கும் முன்னாலும் பார்த்து எழுதி வையுங்கள். 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

கஷாயத்தின் பாட்டிலில் உள்ள சரக்குப் பட்டியலைப் படியுங்கள். அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருமலுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் நல்ல மருந்து அது. ஆனால் நாள்கணக்கில் அதிக அளவில் போனால் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்டான் கீழே இழுக்க, அதிமதுரம் மேலே தள்ளும். பிபி கட்டுக்குள் வரவில்லை என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார். இதற்கு நேர் எதிர், சர்ப்பகந்தா. ரத்த அழுத்தத்துக்கான ஆயுர்வேத மாத்திரை சிலவற்றில் அது இருக்கும். மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-இல் அதைப் பற்றி பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் (பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்) எழுதிய பிறகுதான் உலகமே அந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து பிரித்த ரெசர்பைன் பல வருடம் ஆங்கில மருந்தாகவே புழங்கியது. அவ்வளவு வீரியமுள்ள சரக்கை டெல்மிசார்டானோடு டாக்டருக்குத் தெரியாமல் சேர்த்தால் அழுத்தம் சட்டென்று இறங்கிக் கீழே விழ நேரும். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது.

அஸ்வகந்தா தூக்கத்துக்கு ஓரளவு உதவுவதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. தூக்க மாத்திரை, அல்லது கால் எரிச்சலுக்கான கபாபென்டின், பிரகாபலின் ஏதாவது சாப்பிட்டால் மயக்கம் இரட்டிப்பாகும். இரவில் பாத்ரூம் போக எழுந்து விழுந்தால் இடுப்பெலும்பு. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு அளவை அது மாற்றலாம். அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. அது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். ஆனாலும் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, பசியே இல்லாமல் போனாலோ அந்த நிமிடமே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும்.

கல்லீரல் என்றதும் சீந்திலைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொரோனா காலத்தில் 'எதிர்ப்பு சக்தி' என்று வீடுதோறும் சீந்தில் சாறும் மாத்திரையும் போனது. 2022-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நாட்டின் 13 மையங்களில் சீந்திலோடு தொடர்புடைய கல்லீரல் பாதிப்பு 43 பேருக்கு ஏற்பட்டதைப் பதிவு செய்தது. இதுபோன்ற செய்திகள் முதலில் வந்தபோது ஆயுஷ் அமைச்சகம், அது அதே இனத்தின் வேறு செடியாக இருக்கலாம், சரியான சீந்தில் பாதுகாப்பானது என்றது. செடி மாறியிருந்தாலும் மாறாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் கல்லீரல் ஒன்றுதான். கண்ட இடத்தில் பறித்த கொடியையோ பெயர் தெரியாத பொடியையோ மாதக்கணக்கில் சாப்பிடக் கூடாது என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது அதனால்தான்.

மலச்சிக்கலுக்குத் திரிபலா நல்ல தேர்வு. அபயாரிஷ்டம் கொடுத்தால் யோசியுங்கள். அரிஷ்டங்கள் வெல்லம் போட்டுப் புளிக்கவைத்தவை, உள்ளே தானாக உண்டான ஆல்கஹாலும் இருக்கும். லேகியங்களில் வெல்லமோ சர்க்கரையோ பாதி. "மருந்துதானே" என்று காலை மாலை ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். இந்துப்பு சேர்ந்த செரிமானச் சூரணங்கள் பிபிக்கு ஆகாது, இந்துப்பும் உப்புதான். பேதியாக்கும் நிலவாகை தினமும் வேண்டாம்.

இங்கே ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். "இங்கிலீஷ் மருந்துக்கும் நாட்டு மருந்துக்கும் அரை மணி நேரம் இடைவெளி விட்டால் ஒன்றும் செய்யாது" என்று வைத்தியர்களும் சொல்கிறார்கள், மருந்துக் கடையிலும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. இசப்கோல் போன்ற நார்ப்பொருள்கள், இரும்பு, சுண்ணாம்புச் சத்துள்ளவை வயிற்றிலேயே மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு இரண்டு மணி நேர இடைவெளி உதவும், தைராய்டு மாத்திரை என்றால் நான்கு மணி நேரம் நல்லது. ஆனால் மருந்து ரத்தத்தில் கலந்த பிறகு நடக்கும் மோதலை இடைவெளி தடுக்காது. காலையில் போட்ட கிளிமெபிரைடு நாள் முழுக்க வேலை செய்கிறது. மாலையில் குடித்த சிறுகுறிஞ்சான் அதோடு சேரத்தான் செய்யும். வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவருக்குச் சங்கபுஷ்பி கலந்த சிரப் கொடுத்தால் மாத்திரை அளவு ரத்தத்தில் குறைந்து வலிப்பு திரும்ப வந்ததை நம் நாட்டு ஆய்வாளர்களே 1992-இல் எழுதியிருக்கிறார்கள். மிளகும் திப்பிலியும் அதே ஃபெனிடாயின் அளவைக் கூட்டும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றிப் பேசவில்லை, திரிகடுகச் சூரணத்தைத் தினமும் சாப்பிடுவதைச் சொல்கிறேன்.

அடுத்தது உலோக மருந்துகள். நல்ல வைத்தியர்கள் பலர் என் நண்பர்கள். அவர்களுடன் நான் ஒத்துப்போகாத ஒரே இடம் இது. பஸ்மம், ரசம், சிந்தூரம், சித்தத்தில் பற்பம், செந்தூரம் என்று பெயரில் இருந்தால் உலோகமோ தாதுவோ சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சரியாகச் சுத்தி செய்து புடம் போட்டால் நஞ்சு நீங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். ஆனால் வேலூர் சிஎம்சி சிறுநீரகத் துறையினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு, சர்க்கரை நோயாளிக்கு அந்த வகை மருந்து வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோய் வந்தவர்களில் கணிசமானோர் பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்து சாப்பிட்டிருந்தார்கள். மருந்தை நிறுத்தியதும் பலருக்கு அந்த நோய் அடங்கியது. கால் வீக்கம், சிறுநீரில் நுரை இரண்டையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு மருந்தைத் தொடர்ந்துகொண்டே இருந்தால் இந்தக் காரணம் வெளியே வரவே வராது. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி சேர்ந்த எதுவும் கூடவே கூடாது. அந்த இனச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும்.

பெயரே இல்லாத பொட்டலத்தில் வரும் பொடியையும் மாத்திரையையும் பற்றி ஒரு வார்த்தை. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, பசி அமோகம், முகம் உப்பி வருகிறது, சர்க்கரை 300-ஐத் தாண்டுகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படிப்பட்ட பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. டாக்டரிடம் காட்டித்தான் படிப்படியாக விட வேண்டும். உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சரக்குப் பட்டியல் இந்த நான்கும் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். வைத்தியரும் பிஏஎம்எஸ் (ஆயுர்வேதப் பட்டம்) அல்லது பிஎஸ்எம்எஸ் (சித்த மருத்துவப் பட்டம்) படித்துப் பதிவு செய்தவரா என்று கேட்பதில் தவறில்லை. சர்க்கரையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி விளம்பரம் செய்பவரிடம் போக வேண்டாம்.

முழங்காலுக்கு என்று ஆரம்பித்துப் பஞ்சகர்மா வரை போவது இங்கே வழக்கம். விரேசனம் என்ற பேதி சிகிச்சைக்கு முன்னால் டாக்டரிடம் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே நாளில் பத்துப் பதினைந்து தடவை போகும், சாப்பாடு வெறும் கஞ்சி. அன்றைக்கும் வழக்கம்போல டெல்மிசார்டான், கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் போட்டுக்கொண்டால் அழுத்தம் இறங்கி, சர்க்கரை தாழ்ந்து, சிறுநீரகம் அடிவாங்கும். இப்போது பலருக்கு எழுதப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளோடு பட்டினியும் நீரிழப்பும் சேர்ந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிவிடும். சிகிச்சைக்கு முன்பே எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். அறுவை சிகிச்சை எதுவும் இருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே மூலிகை மருந்துகளை நிறுத்திவிட்டு மயக்க மருந்து டாக்டரிடம் பட்டியலைக் கொடுங்கள்.

இப்போது குடும்ப டாக்டர். திட்டுவார் என்ற பயம் நியாயமானதுதான். எங்கள் ஆட்களில் சிலர் நாட்டு மருந்து என்ற பேச்சை எடுத்தாலே கோபப்படுகிறார்கள், நோயாளி அடுத்த முறை வாயைத் திறப்பதில்லை. அந்தக் கோபம் நோயாளியைக் காப்பாற்றுவதில்லை. நீங்களே அம்மாவோடு போங்கள். வீட்டில் உள்ள எல்லா டப்பா, பாட்டில், அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேஜையில் வையுங்கள். "சாப்பிடலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். "முழங்காலுக்கு இதைச் சாப்பிட முடிவு செய்திருக்கிறோம், வலி மாத்திரை போடுவதை நிறுத்திவிட்டோம், என்ன டெஸ்ட் எப்போது எடுக்க வேண்டும், எதைச் சாப்பிடவே கூடாது?" என்று கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் பதில் சொல்வார்கள். சொல்லாதவர் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். வைத்தியரிடமும் இதே பையோடு போங்கள். "எங்க மருந்துல சைடு எஃபெக்டே இல்லை" என்று சொல்லும் வைத்தியரும் வேண்டாம். சரக்கின் வீரியத்தை அறிந்த எந்த வைத்தியரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

தொடங்கும் வரிசையும் முக்கியம். முதல் இரண்டு வாரம் தைலமும் தொடைத் தசைப் பயிற்சியும் மட்டும் போதும். ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரே முறை கற்றுக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். அதற்குப் பிறகும் வலி இருந்தால் கஷாயம் அல்லது குக்குலு, இரண்டில் ஒன்று. அஸ்வகந்தா கடைசியாக. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால், மூன்றாம் நாள் அரிப்பு வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டு வாரம் சாப்பிட்டும் வலியில் மாற்றம் இல்லையென்றால் அந்த மருந்தை விட்டுவிடலாம், மாதக்கணக்கில் இழுக்க வேண்டியதில்லை.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலி, ஒரு பக்கக் கைகால் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல், காலில் ஆறாத புண், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் காமாலையோடு தூக்கக் கலக்கம், இவற்றுக்கு நேராக மருத்துவமனை. இன்சுலின் மட்டுமே நம்பியிருக்கும் முதல் வகைச் சர்க்கரைக்காரர், காசநோய் மாத்திரை சாப்பிடுபவர், உறுப்பு மாற்று செய்தவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், கர்ப்பிணி ஆகியோருக்கு நான் மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது.

அம்மாவின் கிரியாட்டினின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. என் பதிலில் பாதி அந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது. கஷாயத்தைத் தொடங்கும் முன் கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின், கல்லீரல் பரிசோதனை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) ஐந்தையும் எடுத்துவிடுங்கள். ஆறு வாரம் கழித்து முதல் நான்கையும் மறுபடி எடுங்கள், ஹெச்பிஏ1சி மூன்று மாதம் கழித்துப் போதும். ஆய்வக அறிக்கையில் இஜிஎஃப்ஆர் என்று சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஒரு எண் இருக்கும். அது 60-க்குக் கீழே இருந்தால் உள்ளுக்குச் சாப்பிடும் எதையும் தொடங்காமல், தைலத்தோடு நிறுத்திக்கொண்டு, முதலில் சிறுநீரக டாக்டரைப் பாருங்கள். அதற்கு மேலே இருந்து, கல்லீரலும் சரியாக இருந்தால், டப்பாவில் 'மகா' இல்லாத யோகராஜ குக்குலுவை நான் சொன்ன வரிசையில் தொடங்கலாம்.